கொட்டகை வீடாகும்போது: பழைய மரத்தின் களை கெடாமல் அலங்கரிக்க ஒரு வழிகாட்டி

பழைய பண்ணைக் கொட்டகையை வீடாக்கிக் குடிபோகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். கூரையைச் செப்பனிட்டு, தரை போட்டு, குழாயும் மின்கம்பியும் இழுத்து முடித்த களைப்பில், "இனி கொஞ்சம் நாட்டுப்புறக் களை வேண்டும்" என்று கடைக்குக் கிளம்புகிறார்கள். புது மரத்தைச் சுரண்டிப் பழசுபோல் காட்டிய பலகையும், அச்சில் வார்த்த குதிரை லாடமும், எழுத்து பொறித்த தகரமும் வீட்டுக்கு வருகின்றன. அந்த நேரத்தில் நூற்றைம்பது வருடம் பாரம் சுமந்த உத்திரம் ஒன்று ஜிப்சம் பலகைக்குப் பின்னால் மறைந்துகிடக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

கொட்டகைக்கு வேண்டிய அலங்காரத்தில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது, அழிக்காமல் சுத்தம் செய்வது, வெளிச்சம் விழ வைப்பது, பிறகு கொஞ்சமாகச் சேர்ப்பது. வேலை இந்த வரிசையில் நடந்தால் செலவும் குறையும், வருத்தமும் குறையும்.

1. முதலில் ஒரு டார்ச் விளக்கு

எதையும் வாங்குவதற்கு முன், எதையும் தேய்ப்பதற்கு முன், ஓர் இரவு கொட்டகைக்குள் போய் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். டார்ச்சைத் தூணின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்படி அடியுங்கள். பகலில் வெறும் பழுப்பு மரமாகத் தெரிந்தது அப்போது பள்ளமும் மேடுமாக எழுந்து நிற்கும்.

அந்தப் பள்ளமேடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினமே இல்லை. அகலக் கோடரியால் செதுக்கிய உத்திரத்தில் தட்டையான செதில்கள் வரிசையாகத் தெரியும். நடுநடுவே குறுக்காக ஆழமான வெட்டுகள் இருக்கும். இருவர் மேலும் கீழுமாக இழுத்து அறுத்த வாளின் தடம் நேர்கோடாக இருந்தாலும் சாய்வு மாறிக்கொண்டே போகும், ஏனென்றால் இழுத்தவை மனிதக் கைகள். வட்ட ரம்பம் அறுத்த மரத்தில் வில்போல் வளைந்த கோடுகள் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவலான தடம் இது. பட்டை ரம்பத்தின் கோடுகளோ அளவெடுத்தாற்போல் ஒரே இடைவெளியில் ஓடும். ஒரே கொட்டகையில் இரண்டு மூன்று வகைத் தடங்கள் இருந்தால், கட்டடம் பல காலங்களில் வளர்ந்திருக்கிறது அல்லது வேறு கட்டடத்து மரம் இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. எதையும் தாங்காமல் வெறுமனே திறந்து கிடக்கும் கழுந்துத் துளைகளும் (கழுந்து என்பது இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை) அதைத்தான் சொல்லும்.

ஆணிகளும் பேசும். கொல்லன் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பி, தலையில் சுத்தியல் தட்டிய முகங்களோடு இருக்கும். தகட்டிலிருந்து வெட்டிய ஆணி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அது இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். இன்று நாம் அறிந்த உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் எங்கும் பரவியது.

தூணும் உத்திரமும் சேரும் இடங்களில் உளியால் கீறிய கோடுகளைத் தேடுங்கள். பழைய தச்சர்கள் சட்டங்களைத் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, பிறகு தூக்கி நிறுத்துவார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று மறக்காமல் இருக்க இரண்டிலும் ஒரே ரோமன் எண்ணைக் கீறி வைத்தார்கள். உளிக்கு நேர்கோடு சுலபம், அதனால்தான் ரோமன் எண். நான்கைக் குறிக்கப் பெரும்பாலும் நான்கு கோடுகளையே போட்டார்கள். மரத்தைத் தலைகீழாகப் பார்த்தாலும் குழப்பம் வராது. சில கொட்டகைகளில் கதவு ஓரங்களில் கவராயத்தால் வரைந்த ஆறிதழ் பூவும் கிடைக்கும். தீமை உள்ளே வராமலிருக்கப் போட்ட காப்பு என்று பலர் கருதுகிறார்கள். மூட்டைக் கணக்குக்காகக் கரியால் போட்ட கோடுகள், யாரோ ஒரு பண்ணையாளின் பெயரெழுத்துகள், மாடு உரசி உரசி வழவழப்பான தூண் மூலை என்று இன்னும் எத்தனையோ.

இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் கிரெசிங் டெம்பிளில் 13ஆம் நூற்றாண்டு மரக்கொட்டகைகள் இரண்டு நிற்கின்றன. ஒன்று பார்லிக்கு, ஒன்று கோதுமைக்கு. அவற்றின் உள்ளே அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லை. தூணும், அதிலிருந்து உத்திரத்துக்குச் சாய்வாக ஏறும் சட்டமான கையும், உத்திரமும்தான். ஆனாலும் உள்ளே நுழைந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நிற்பார்கள். உங்கள் கொட்டகை அத்தனை பழையதாக இல்லாமல் போகலாம். பார்க்கும் முறை ஒன்றுதான்.

கண்ட ஒவ்வொன்றையும் படமெடுத்து, சாக்பீஸால் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு வையுங்கள். அந்த வட்டங்கள் வேலையாட்களுக்கு: இதைத் தொடாதே, மறைக்காதே. உங்கள் அலங்காரத் திட்டத்தின் முதல் வரைபடமும் அதுதான்.

2. கைவைப்பதற்கு முன்

இந்தப் பகுதி சலிப்பூட்டும். ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடமா என்று உள்ளூர் அதிகாரிகளிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் அப்படிப் பட்டியலிட்ட கட்டடமானால் உட்புறத்தில் அதன் தன்மையை மாற்றும் வேலைக்கும் அனுமதி வேண்டும்; உத்திரத்துக்கு வண்ணம் பூசுவதுகூட அதில் சேரலாம். கூரையில் வௌவாலோ கூகையோ குடியிருந்தால், பல நாடுகளில் அவற்றைக் கலைப்பது குற்றம்.

பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உப்புத்தாள் போடவே கூடாது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஈயப் பெயின்ட்டை 1978இல் தடைசெய்தார்கள். அதற்கு முந்தைய எந்தப் பூச்சையும் சந்தேகத்தோடு பாருங்கள். 20ஆம் நூற்றாண்டில் வேய்ந்த நெளிவுச் சிமெண்ட் தகடுகளில் கல்நார் இருக்கலாம். அதில் துளைபோட்டு எதையும் மாட்டாதீர்கள், உடைக்காதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவரை அழையுங்கள். தூணை வெட்டுவது, சாய்சட்டத்தை எடுப்பது எல்லாம் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான். "இந்தக் கை குறுக்கே நிற்கிறது, எடுத்துவிட்டால் அறை திறந்தாற்போல் இருக்கும்" என்று தோன்றும். அந்தக் கைதான் காற்றுக்குக் கொட்டகை சாயாமல் பிடித்திருக்கிறது.

3. சுத்தம் செய்வது: மெதுவாக, உலர்வாக

கொட்டகை அழகு அதிகம் பாழாவது இந்தக் கட்டத்தில்தான். நான் உடனிருந்து பார்த்த ஒரு வேலையில், ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று மணல்வீச்சு இயந்திரத்தோடு வந்தார். சொன்னபடி மாலைக்குள் முடிந்தது. கோடரித் தடம், உளிக் கோடு, சாம்பல் பூத்த மேல்தோல் எல்லாம் போய், மரம் வெளுத்துப் பஞ்சுபோல் நார் எழுந்து நின்றது. மிருதுவான வளைய நார்கள் அரிபட்டு, கடினமானவை மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

அந்தச் சாம்பல் நிறம் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் கை தானாகவே மெதுவாகும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. மிஞ்சிய நார்தான் வெள்ளியாக மின்னுகிறது. இவ்வளவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோலில் நடப்பவை. அடியில் இருப்பது சாதாரண மரநிறம். இரண்டு இழுப்பு உப்புத்தாள் போட்டால் அறுபது வருட வெயில் போய்விடும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் கதவெல்லாம் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். தூசு வடிகட்டும் நல்ல முகக்கவசம் போடுங்கள். எலிப்புழுக்கை கிடந்தால் பெருக்காதீர்கள், வாக்யூம் போடவும் வேண்டாம். ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு ப்ளீச் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்து அள்ளுங்கள். உலர்ந்த புழுக்கைத் தூசு நுரையீரலுக்குள் போனால் ஹன்டா வைரஸ் போன்ற கொடிய நோய்கள் வரக்கூடும். பறவை எச்சக் குவியலையும் அதே எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

அதன் பிறகு மேலிருந்து கீழாக, மிருதுவான மயிர்த் தூரிகையால் நார் ஓடும் திசையில் தூசைத் தட்டி, வாக்யூமில் இழுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. கம்பித் தூரிகை வேண்டுமென்றால் பித்தளை அல்லது நைலான் எடுங்கள். எஃகுத் தூரிகை ஓக் மரத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுச்செல்லும். ஈரம் பட்டதும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கருநீலக் கறையாகப் பூக்கும். பழைய ஆணிகளைச் சுற்றி இருக்கும் கருப்பு வளையமும் இதே வேதிவினைதான். அந்த வளையத்தை நான் விட்டுவிடுவேன். அது மரத்துக்கு அழகு.

4. உளுவும் ஈரமும்

மரத்தில் துளை இருப்பதால் பூச்சி இருப்பதாகப் பொருள் இல்லை. துளை விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளிர் நிறமாக, அடியில் புது மாவு உதிர்ந்திருந்தால்தான் கவலை. சந்தேகம் இருந்தால் மாவைத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு கருப்புக் காகிதத்தை விரித்து, சில வாரம் கழித்துப் பாருங்கள். வண்டு வெளியேறுவது வசந்தத்திலும் கோடையிலும் என்பதால் அந்தப் பருவத்தில் சோதிப்பது நல்லது. சிறு துளைகள், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர், மரச்சாமான் வண்டுடையவை; மூன்று மில்லிமீட்டர் அளவானால் மரணக் கடிகார வண்டு. பின்னது ஈரத்தில் நைந்த ஓக்கை விரும்பும்; அது இருக்கும் இடத்தில் முதலில் கூரை ஒழுகலைத் தேடுங்கள்.

பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரத்தில், பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசல் நன்றாக இறங்கும். வார்னிஷ் போட்ட பிறகு தெளித்தால் வீண். எனவே இந்த வேலையை எல்லாப் பூச்சுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

வேறு கொட்டகையிலிருந்து பழைய பலகை வாங்கி உள்ளே கொண்டுவருவதானால், உலையில் சூடேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பதுதான் மரப்பெட்டிகளை நாடுவிட்டு நாடு அனுப்பப் பின்பற்றும் சர்வதேச அளவுகோல். வாங்கிய பலகையை அன்றே அடித்துவிடாதீர்கள். இடையிடையே குச்சி வைத்து, காற்று புகும்படி அதே அறையில் இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். வெளிக்காற்றில் இருந்த மரம் சூடேற்றிய வீட்டுக்குள் வந்ததும் சுருங்கும். ஈரமானி ஒரே எண்ணில் நின்ற பிறகு அடித்தால் இடைவெளி விழாது.

5. மரத்துக்கு என்ன பூசுவது

கையெட்டாத உயரத்தில் இருக்கும் உத்திரங்களுக்கு எதுவுமே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்றைப் பூசியே ஆக வேண்டும் என்று பலருக்கும் தோன்றுகிறது. வெயில் மழை படாத உலர்ந்த மரம் பூச்சு இல்லாமல் பல நூறு வருடம் நிற்கும், நின்றும் இருக்கிறது.

கைபடும் தூண்கள், மாடிப்படியின் கைப்பிடி, பழைய பலகையில் செய்த மேசை ஆகியவற்றுக்குத் தேன்மெழுகு போதும். மெல்லியதாகத் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு, கம்பளித் துணியால் துலக்குங்கள். ஆளிவிதை எண்ணெய் நிறத்தை ஆழமாக்கும். ஆனால் சாம்பல் பூத்த பலகையில் போட்டால் அது பழுப்பாகிவிடும். முதலில் மறைவான இடத்தில் ஒரு கையகலம் பூசி, காய்ந்த பிறகு பார்த்து முடிவெடுங்கள். பளபளக்கும் பாலியூரித்தேன் பூச்சு மட்டும் வேண்டாம். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும். கோடரித் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி எதுவும் இல்லாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். மரக்கட்டடத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து வேண்டியதில்லை. துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பழைய கொட்டகைகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரம் கிடைக்கும். 1904இல் நியூயார்க்கில் கண்டறிந்த பூஞ்சை நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மரக் காடுகளை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. பெரிய உத்திரமாக அந்த மரம் இனி வளர்ந்து கிடைக்கப்போவதில்லை. உங்கள் கொட்டகையில் அது இருந்தால் ஒரு ஸ்க்ரூ முடுக்குவதற்கும் இரண்டு முறை யோசியுங்கள்.

6. சுவருக்குச் சுண்ணாம்பு

மரத்தை வெறுமையாக விட்டால் சுவர் என்ன ஆவது? எல்லாச் சுவரையும் பழைய பலகையால் மூடிவிட்டால் வீடு பெட்டிக்குள் இருப்பதுபோல் ஆகும். கண்ணுக்கு இளைப்பாற ஓர் இடம் வேண்டும்; கருத்த மரம் எடுத்துக்காட்ட அதன் பின்னால் வெண்மை வேண்டும். மாட்டுத்தொழுவத்துச் சுவர்களில் தூய்மைக்காகக் காலங்காலமாக அடித்துவந்தது சுண்ணாம்புதான். அதனால் அது கொட்டகைக்கு அந்நியமாகவும் தெரியாது.

கல்லோ செங்கல்லோ கட்டிய பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிட்டபடி இருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டோ சிமெண்ட் பூச்சோ வந்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு கொப்புளித்து உதிரும். பக்கத்தில் புதைந்திருக்கும் மரமும் நைந்துபோகும். சுண்ணாம்பு ஈரத்துக்கு வழிவிடும்.

நீற்றிய சுண்ணாம்புக் குழம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்டுங்கள். கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும், எனவே பால் பதத்தைத் தாண்ட வேண்டாம். சுவரை நீர் தெளித்து நனைத்துவிட்டு, அகலத் தூரிகையால் மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். அடிக்கும்போது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், "ஒன்றுமே ஒட்டவில்லையே" என்று பயம் வரும். காயக் காயத்தான் வெண்மை ஏறும். காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால் வரும் வெண்மை அது. சமமாக இல்லாமல் மேகம்போல் திட்டுத்திட்டாக இருக்கும். கண்ணுக்குக் கவசம், கைக்கு உறை கட்டாயம், சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும்.

நிறம் வேண்டுமானால் காவியும் மஞ்சள் மண்ணும் சுண்ணாம்போடு ஒத்துப்போகும். கொட்டகைகளின் புகழ்பெற்ற செந்நிறமே இரும்பு ஆக்சைடு கலந்த காவிதான். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறமண் சேர்க்காதீர்கள், தூளாகக் கையில் ஒட்டும்.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கல் பாவிய தரை இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். இல்லையென்றால் அகலமான பலகை. குறுகிய பளபளப்பான பலகைகள் அந்த உயரத்துக்குக் கீழே சிறுத்துத் தெரியும்.

7. வெளிச்சத்தை அமைப்பது

கொட்டகை வைக்கோலுக்காகக் கட்டியது. சன்னல் குறைவு, உயரம் அதிகம், உள்ளே இருட்டு. ஆனால் அதன் திறப்புகளுக்கு அர்த்தம் உண்டு. எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே இருப்பது கதிரடிக்கும் களம்; இரண்டையும் திறந்து வைத்து, நடுவே ஓடும் காற்றில் தானியத்தைத் தூற்றினார்கள். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பதற்குச் சுவரும் கூரையும் எழுப்பினால் இப்படித்தான் இருக்கும். அந்த இரண்டு திறப்புகளுக்கும் முழுக் கண்ணாடி போட்டு, பழைய கதவுகளை வெளிப்புறத்தில் திறந்த நிலையில் நிறுத்திவிட்டால், அந்த வீட்டுக்கு அதைவிட அழகான அலங்காரம் வேறு தேவைப்படாது. சுவரிலுள்ள குறுகிய காற்றுப் பிளவுகளுக்கும், முக்கோணச் சுவரின் உச்சியில் ஆந்தை வந்துபோக விட்ட ஓட்டைக்கும் கண்ணாடி மட்டும் பொருத்துங்கள், அகலப்படுத்தாதீர்கள். பகல் முழுவதும் அவற்றின் வழியே ஒரு வெளிச்சக் கீற்று தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரவுக்கு, உச்சியில் ஒரே பெரிய விளக்கு தொங்கவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது எல்லாவற்றையும் சமமாக வெளுக்கவைத்துவிடும். முதல் நாள் டார்ச் காட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்க வேண்டும். குறுக்கு உத்திரத்தின் மேற்பக்கத்தில், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி, மேல்நோக்கி எரியும் நீளப்பட்டை விளக்கு வைத்தால் கைமரங்கள் ஒவ்வொன்றும் நிழலோடு எழும்பும். தூணின் அடியிலும் ஒன்று. மேசைக்கு மேல் எனாமல் குடை விளக்கை மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வருமாறு நீளமான வடத்தில் இறக்குங்கள். உயரமான வெளிக்குள் தாழ்ந்து நிற்கும் வெளிச்சம் ஒரு சிறிய அறையை உண்டாக்கும். பல்பு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி. வெள்ளொளியில் பழைய மரம் செத்துப்போன சாம்பலாகத் தெரியும்.

மின்கம்பி ஓட்டுவதற்காக உத்திரத்தில் பள்ளம் வெட்ட விடாதீர்கள். மேற்பக்கமாக ஓட்டலாம், தெரியும் இடத்தில் துணி பின்னிய கம்பி ஓட்டலாம். கனமான விளக்கை மரத்தில் துளைபோட்டு மாட்டுவதற்குப் பதில், உத்திரத்தைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் தொங்கவிடுங்கள், வேண்டாதபோது தடமில்லாமல் கழற்றலாம்.

8. சறுக்குக் கதவு

தண்டவாளத்தில் ஓடும் கொட்டகைக் கதவு இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அசல் கொட்டகையில் வைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எங்கே என்று பாருங்கள். அது சுவரோடு ஒட்டாது, சுற்றிலும் இடைவெளி இருக்கும். சத்தமும் வாசனையும் தாராளமாகக் கடக்கும். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் கீல் கதவே நல்லது. சரக்கறை, அலமாரி, படிக்கும் மூலை ஆகியவற்றுக்குச் சறுக்குக் கதவு அருமையாகப் பொருந்தும்.

கதவு திறப்பைவிட இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். தண்டவாளம் கதவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம். அதைப் பூச்சுச் சுவரில் நேராக முடுக்கக் கூடாது. சுவருக்குள் இருக்கும் தூண்களில் ஒரு தடித்த பலகையை போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் தண்டவாளம். கீழே ஆடாமலிருக்க ஒரு வழிகாட்டி, மேலே தடம்விட்டுக் குதிக்காமலிருக்க ஒரு தடுப்பு.

இன்னொரு நுணுக்கம். பலகைக் கதவில் குறுக்காகப் போடும் சாய்சட்டம் வெறும் அலங்காரம் என்று நினைத்து எந்தப் பக்கமாகவும் அடித்துவிடுகிறார்கள். கீல் போட்ட கதவில் அந்தச் சட்டம் கீல் பக்கத்து அடிமூலையில் தொடங்கி, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் தொங்கும் பாரத்தை அது தாங்கிக் கீலின் அடிக்குத் தள்ளும். தலைகீழாக அடித்த கதவு சில வருடத்தில் தொய்ந்து தரையில் உரசும். மேலிருந்து தொங்கும் சறுக்குக் கதவுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

9. பொருட்கள்: கொஞ்சம், பெரிதாக

இப்போதுதான் பொருட்களுக்கு வருகிறோம். கொட்டகையைக் காலி செய்தபோது கிடைத்தவற்றை எறியாமல் வைத்திருந்தால் அவைதான் முதல் தகுதி பெற்றவை. கப்பி, வைக்கோல் தூக்கிய இரும்புத் தண்டவாளம், தீவனத் தொட்டி, தடுப்புப் பலகை, தானியச் சல்லடை. கூரை உச்சியில் ஓடும் அந்தத் தண்டவாளத்தை எடுக்கவே வேண்டாம். அது இருக்கும் இடமே அதற்கு அழகு. தீவனத் தொட்டியை நிமிர்த்திச் சுவரில் பொருத்தினால் புத்தக அடுக்கு. பரண் ஏணியைக் கம்பளிகள் தொங்கவிடப் பயன்படுத்தலாம். மறுபடி ஏறுவதற்கு அதை நம்பாதீர்கள், பழைய படிகள் உளுத்திருக்கும்.

எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: இந்தப் பொருள் இந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் வேலை செய்திருக்க முடியுமா? முடியும் என்றால் உள்ளே வரட்டும். எழுத்து பொறித்த பலகைகள் இந்தக் கேள்வியில் பெரும்பாலும் நின்றுவிடும். வண்டிச்சக்கர விளக்கும் அப்படித்தான். சக்கரம் சுவரில் சாய்ந்து நின்றிருக்கும், ஒருபோதும் கூரையில் தொங்கியிருக்காது.

உயரமான சுவரில் சிறு சாமான்கள் காணாமல் போகும். பத்துச் சின்னக் கருவிகளை வரிசையாக மாட்டினால் இரைச்சல்; ஒரு நீளமான கவைக்கோலைத் தனியாக மாட்டினால் ஓவியம். அரிவாள், கதிர் அறுக்கும் நீளக் கத்தி போன்றவற்றின் முனையை மழுக்கி, தலைக்கு மேலான உயரத்தில், இரண்டு இடத்தில் பிடிமானத்தோடு மாட்டுங்கள். துருவை முழுக்க நீக்க வேண்டியதில்லை. உதிரும் துருவைத் தேய்த்துவிட்டு, இரும்பை இளஞ்சூடாக்கி மெழுகு தடவினால் கருமையாக நின்றுவிடும்.

சில பொருட்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே விடாதீர்கள். பூச்சிக்கொல்லி வைத்திருந்த டப்பாக்களும் மூட்டைகளும், கரிய எண்ணெய் ஏற்றிய ரயில்கட்டைகளும் வேலிக்கால்களும் பல வருடம் நஞ்சைக் கசிந்தபடி இருக்கும். வைக்கோல் கட்டை இருக்கையாக வைப்பது தீக்கு விருந்து. பழைய சாக்கு, சேணத் துணி, கம்பளி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைகுளிரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் அந்துப்பூச்சி முட்டை உள்பட அழியும்.

10. எதிரொலிக்குத் துணி

குடிபோன முதல் வாரத்தில்தான் இது தெரியவரும்: பேசினால் கூரை திரும்பப் பேசும். தடித்த கம்பளி விரிப்பு, கனமான லினன் திரை, சுவரில் தொங்கும் பெரிய நெசவு ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். இவற்றின் நிறத்தைக் கட்டடத்திலிருந்தே எடுங்கள். மரச்சாம்பல், வைக்கோல் மஞ்சள், துரு, சுண்ணாம்பு வெள்ளை. ஒரே ஒரு அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் பழைய கதவில் மிஞ்சியிருக்கும் காவியைப் பாருங்கள்.

ஒரு பெரிய சுவரை மட்டும் ஒரு வருடம் வெறுமையாக விட்டுவையுங்கள். நான்கு பருவத்தின் வெயிலும் அதில் எப்படி விழுகிறது என்று பார்த்த பிறகு அங்கே என்ன வேண்டும் என்று முடிவெடுக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. நீங்கள் புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்திலும், ஒட்டுப்போட்ட ஒவ்வொரு மரத்துண்டின் மறைவான முகத்திலும், உளியால் அந்த வருடத்தைக் கீறிவிடுங்கள். இன்னும் நூறு வருடம் கழித்து யாராவது டார்ச்சோடு அந்த இருட்டில் நிற்கும்போது, எது பழைய தச்சர் வைத்தது, எது நீங்கள் வைத்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.